லாந்தர் வீட்டுப் பேயும் என் அத்தையும்

நம் பள்ளித் தோழிகளின் வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒரு வீடியோ வந்ததே, இந்த வினை அதிலிருந்துதான் ஆரம்பித்தது. தாடி வைத்த ஒரு பையன் இடிந்த சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தி, தூத்துக்குடி லாந்தர் வீட்டைப் பற்றிச் சொல்கிறான். வெள்ளைக்காரன் காலத்து வீடாம். ஒரு துரைசாணி கையில் லாந்தர் விளக்கோடு இன்னமும் அதற்குள் நடக்கிறாளாம். எழுபதுகளில் பக்கத்துத் தெருவிலிருந்த ஒரு வயசுப் பெண்ணை அந்தப் பேய் கொண்டுபோய்விட்டதாம். கீழே நீங்கள் எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மைகளை வரிசையாகப் போட்டிருந்தீர்கள். 'நம்ம பேய் இன்னும் ரிட்டயர் ஆகலையா?' என்று ஒருத்தி கேட்டிருந்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வயசுப் பெண் என் அத்தை, என் அப்பாவின் கூடப்பிறந்த ஒரே தங்கை. அவளைப் பேய் எதுவும் கொண்டுபோகவில்லை. தருவைகுளத்தில் புருஷன் பிள்ளைகளோடு வெகுகாலம் இருந்தாள். பஸ்ஸில் ஏறி ஒரு தூக்கம் போடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம், அவ்வளவு பக்கம். பேய் கொண்டுபோனது என்று ஊருக்குச் சொன்னது எங்கள் வீடு. நான் வளர்ந்து, வேலைக்குப் போய், அந்த வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். ஒரு தடவையும் இறங்கியதில்லை. இந்த வயதில் இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

அந்த வீட்டை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், எனக்காக. கடற்கரைப் பக்கம் போகிற வழியில், கடலிலிருந்து வெட்டியெடுத்த முருகைக்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய சுவர். ஜன்னல் மாடத்தில் ஒரு ஆள் காலை மடக்கிப் படுத்துக்கொள்ளலாம், அவ்வளவு கனம். உப்புக்காற்று பட்டுப் பட்டுச் சுண்ணாம்பு பொரிந்துபோய், சாய்ந்தால் முதுகெல்லாம் மாவாக ஒட்டும். மாடி ஜன்னல்களுக்குக் கதவு கிடையாது. கீழே ஒரு கப்பல் ஏஜெண்டின் கிட்டங்கி. தோணியில் ஏற்றுவதற்காக நிலாவாரை இலையும் கருவாடும் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கும். பக்கத்தில் போனாலே மருந்துக்கடைக்குள் மீன்சந்தை வைத்ததுபோல ஒரு வாடை. பின்பக்கம் முத்துச்சிப்பி ஓடுகள் புதைந்து கிடந்தன. முத்துக்குளிப்பு நின்று வெகுநாள் ஆகியும் மழை பெய்தால் மண்ணுக்குள்ளிருந்து ஓடுகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. பளபளப்புப் போகாத துண்டாகப் பார்த்துப் பொறுக்கி ஜியாமெட்ரி பெட்டிக்குள் வைத்துக்கொள்வோம். என் பெட்டியும் துண்டுகளும் எந்த வீடு மாற்றத்தில் போயினவோ.

பேய் விஷயத்தில் நமக்குள் ஒற்றுமை இருந்ததா என்ன? வேதக்காரப் பிள்ளைகளின் பேய் சிலுவையையும் ஜெபமாலையையும் கண்டால் ஓடிவிடும். முஸ்லிம் பிள்ளைகள் அது பேயே இல்லை, ஜின் என்றார்கள். ஆற்றங்கரை ஊர்களிலிருந்து வந்த எங்களுக்கு ஒரு கொத்து வேப்பிலை போதும். ஒரே பேய் எல்லாருக்கும் பயந்துகொண்டு அந்த வீட்டில் குடித்தனம் நடத்தியது, பாவம். ஆனால் அதன் கையில் லாந்தர் இருந்தது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. வீட்டின் பெயரே லாந்தர் வீடு ஆயிற்றே.

என் அப்பா அறிவியல் ஆசிரியர். உங்கள் அண்ணன் தம்பிகளில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள்தான். பேய்க்குப் பயந்து அந்த வழியாக நான் வர மறுத்த ஒரு நாள், அவர் என்னைக் கையோடு கூட்டிக்கொண்டுபோய் அந்த வீட்டின் முன்னால் நிறுத்தினார்.

"ஏளா, இது பேயில்ல, எழுத்துப் பிழை. ஒல்லாந்தர்னா டச்சுக்காரன். அவன் கட்டுன வீடு ஒல்லாந்தர் வீடு. சொல்லிச் சொல்லி முன்னால இருந்த ஒல்லு உதுந்துபோச்சு. மிச்சம் லாந்தர் வீடு. லாந்தர்னா விளக்குல்லா? விளக்குன்னா பிடிக்க ஒரு ஆளு வேணும்லா? சனங்க ஒரு துரைசாணியப் பிடிச்சுக் குடுத்துட்டாங்க."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அன்றைக்கு என் அப்பாவை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? மறுநாள் வகுப்பில் இதைச் சொல்லப்போய் நீங்கள் எல்லோரும் என்னைக் கேலி செய்தீர்கள்.

புதுத் துறைமுகத்தில் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த அந்த வருஷம் தை அறுப்பு முடிந்ததும் அத்தை எங்களோடு இருக்க வந்தாள். தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். தாயும் தகப்பனும் போன பிறகு அங்கே பெரியப்பா வீட்டில் மாடு பார்த்துக்கொண்டும் களத்து வேலை செய்துகொண்டும் இருந்தவளை, சொந்தக்காரர்களோடு மல்லுக்கட்டி அப்பாதான் அழைத்துவந்தார். தையல் வகுப்பில் சேர்த்துவிட்டார். "எந்தங்கச்சி அவ கைய நம்பி நிக்கட்டும்" என்று எல்லோரிடமும் சொன்னார். அதைச் சொன்ன வாயும் அவருடையதுதான் என்பதை நான் மறைக்கப்போவதில்லை.

அத்தை கையை வீசி நடப்பாள். சேலையில் எப்போதும் நூல்பிசிறு ஒட்டியிருக்கும். அவள் சிரிப்புக்கு அம்மா தெருப்பக்க ஜன்னலைச் சாத்துவாள். தூத்துக்குடித் தண்ணீர் அவளுக்குப் பிடிக்கவில்லை. "இந்த ஊர்த் தண்ணில பருப்பு வேவ மாட்டேங்கு, மனுசன் மட்டும் நல்லா வேவுதான்" என்பாள். எனக்கு இரண்டு பக்கமும் பை வைத்து ஒரு கவுன் தைத்துத் தந்தாள். கவுனில் பையா என்று அம்மா கேட்டதற்கு, "பொட்டப்பிள்ள கையில எப்பவும் ஏதாவது இருக்கணும் மதினி" என்றாள். நான் அந்தப் பைகளில் சிப்பித்துண்டு போட்டுக் கிழித்தேன்.

முதலில் அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது ஒரு வார்த்தையால். துணி மடித்துக்கொண்டிருந்த அத்தை, அப்பாவின் கைக்குட்டையை எடுத்து, "இந்த லேஞ்சுல கறை போகல மதினி" என்றாள். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"லேஞ்சா? இது எந்த ஊர்ப் பேச்சுளா?"

கைக்குட்டையை லேஞ்சு என்பது கடற்கரை வேதக்காரர் வீட்டுப் பேச்சு. ஆற்றங்கரையில் அப்படிச் சொல்ல ஆள் கிடையாது. தையல் வகுப்பில் கேட்டது என்று அத்தை சமாளித்தாள். அவள் முகம் சிவந்ததை நான் பார்த்தேன். காய்ச்சல் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் பால்காரி லாந்தர் வீட்டைத் தாண்டி வந்தபோது, மாடி ஜன்னலில் வெளிச்சமும் அதன் பக்கத்தில் நீலச் சேலை கட்டிய ஓர் உருவமும் பார்த்திருக்கிறாள். பால்செம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். தெருவே கூடிவிட்டது. நான் பயமும் குஷியுமாகத் துள்ளிக் குதித்தேன். நம் பேய் பொய்யில்லை என்று ஆகிவிட்டதே! கொஞ்ச நேரத்தில் அத்தை வந்தாள். நீலச் சேலை. முதுகெல்லாம் சுண்ணாம்பு.

அத்தை ஒளிக்கவில்லை. அடுப்படியில் அம்மாவிடம் நேராகவே சொன்னாள், நான் கதவோரம் நின்றிருந்தேன்.

"மாடில நின்னா நங்கூரம் போட்ட கப்பல் வெளிச்சம் தெரியும்னாக. படி இருட்டுன்னு விளக்குப் பிடிச்சாக. பாத்துட்டு வந்தேன் மதினி, வேறொண்ணுமில்ல. அவுக அம்மாவோட வந்து அண்ணன்கிட்டப் பொண்ணு கேக்கதா இருக்காக."

அவள் 'அவுக' என்றது லாந்தர் வீட்டுக் கிட்டங்கியைப் பார்த்துக்கொள்கிறவரை. அவருடைய அப்பா சங்கு குளிக்கப் போய்க் கடலோடு போனவர். தருவைகுளத்து வேதக்காரர்கள். அம்மா அன்றிரவு அப்பாவிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் அப்பா பள்ளிக்கூடம் போகவில்லை.

எதிர்வீட்டு அக்கா காலையிலேயே வந்துவிட்டாள். தெருவில் நடக்கும் எதையும் முதலில் தெரிந்துகொள்ளாவிட்டால் அவளுக்குக் காபி இறங்காது. "மாடில நின்ன பேய்க்கு நீலச் சேலையாம்லா. ஒங்க நாத்தனாருகிட்டயும் ஒரு நீலச் சேலை உண்டும்லா?" என்றாள்.

அம்மா ஒரு நொடிதான் தடுமாறினாள். "அத ஏங்க்கா கேக்கீய. அந்த வழியா வந்துக்கிட்டு இருந்தவள என்னமோ உள்ள இழுத்திருக்கு. நேத்துலேருந்து ஒரு மாதிரி இருக்கா. காத்துக் கருப்புத்தான்."

அப்பா உள்ளறையில் இருந்தார். அவருக்குக் கேட்டது. வெளியே வந்து, பேயில்லை அக்கா, எழுத்துப் பிழை என்று சொல்லிச் சிரித்திருக்கலாம். அவர் வருவார் என்று நான் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வரவில்லை. சாயங்காலம் துக்கம் விசாரிப்பதுபோல வந்த சக ஆசிரியரிடம், "ஆமா சார், கொஞ்சம் பயந்திருக்கா" என்று அவரே சொன்னார்.

இப்போது யோசித்தால் புரிகிறது. வேதக்காரப் பையனோடு பழகினாள் என்றால் ஊரில் தலைகாட்ட முடியாது. பேய் பிடித்தது என்றால் அனுதாபம்தான் கிடைக்கும், பேய் இறங்கியதும் ஊரில் எவனுக்காவது கட்டிவைத்துவிடலாம். அறிவியல் வாத்தியாருக்கு அந்தப் பேய் அன்றைக்கு அவ்வளவு தேவைப்பட்டது.

ஆனால் சொன்ன பொய்க்குச் சோறு போட வேண்டியிருந்தது. பேய் என்று சொல்லிவிட்டு ஓட்டாமல் இருந்தால் தெரு விடுமா? எதிர்வீட்டு அக்காவே ஒரு கோடாங்கியைச் சொல்லிவிட்டாள். அவன் ஒரு சாயங்காலம் உடுக்கையோடு வந்தான். பின்வாசலில் அத்தையை உட்காரவைத்து, தலைமயிரை அவிழ்த்துவிட்டு, சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்தார்கள். அப்பா தூணோரம் நின்றார்.

"யாரு நீ? எங்கேருந்து வந்தே?" என்றான் கோடாங்கி.

"நான் இவரு தங்கச்சி" என்றாள் அத்தை.

வேப்பங்குழையால் அடித்தான்.

"இந்தப் பிள்ளைய ஏன் பிடிச்சே, சொல்லு!"

"நாந்தான் இந்தப் பிள்ளை."

மறுபடியும் அடி. "கள்ளப் பேயிது, லேசுல எறங்காது" என்று எதிர்வீட்டு அக்கா பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். குழையிலிருந்த இலையெல்லாம் உதிர்ந்து வெறும் குச்சியானது. அவன் வேறு குழை எடுத்தான். அத்தை தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள்.

"அண்ணே, நான் யாருன்னு நீயே சொல்லு."

அப்பா கோடாங்கியிடம், "சீக்கிரம் முடிங்க" என்றார்.

அதற்குப் பிறகு அத்தை கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னாள். லாந்தர் வீட்டிலிருந்து வந்தேன் என்றாள். துரைசாணி என்றாள். போய்விடுகிறேன், இனி வரமாட்டேன் என்றாள். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உச்சியில் ஒரு கொத்து மயிரை அறுத்து, லாந்தர் வீட்டுப் பக்கத்துப் பூவரச மரத்தில் வைத்து ஆணி அடித்தார்கள். ஆணியை அடித்தது என் அப்பா. கோடாங்கி அடித்தது கோணிக்கொண்டது என்று அவர் சுத்தியலை வாங்கி நேராக அடித்துக் கொடுத்தார்.

மறுநாள் அத்தை தயிர்சாதம் பிசைந்து, எப்போதும்போல எனக்கு உருண்டை நீட்டினாள். நான் அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவள் உருண்டையைத் தன் தட்டிலேயே வைத்தாள். "பேய்க்கு மருமகளா இருக்கப் பயமா இருக்கோ?" என்று கேட்டுச் சிரித்தாள். ஜன்னலைச் சாத்தும் அளவுக்கு அது சத்தமாக இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மாதா கோயில் பூசை முடிந்த கையோடு, அவரும் அவர் அம்மாவும் வந்தார்கள். வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் அவர் வந்தார். அந்த அம்மா வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். கையில் மக்ரூன் பொட்டலம். அப்பா மரியாதையாக உட்காரச் சொன்னார். வந்த விஷயத்தை அந்த அம்மா சுற்றிவளைக்காமல் சொன்னாள். அப்பாவும் பதிலைத் தயாராகத்தான் வைத்திருந்தார்.

"ஒங்ககிட்ட மறைக்கக் கூடாது. எந்தங்கச்சிக்குப் பேய் பிடிச்சிருக்கு. இப்பத்தான் ஓட்டுனோம். முழுசாப் போச்சான்னு தெரியல. தெரிஞ்சே ஒரு பிள்ளைய ஒங்க தலையில கட்டுறது பாவம்."

இதோடு எழுந்து போய்விடுவார்கள் என்று அவர் நினைத்தார். அந்த அம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

"ஐயோ, சின்னப் பிள்ள என்ன பாடு பட்டுச்சோ! அதுக்கென்ன சார், பேயோட வந்தாலும் எங்களுக்குச் சம்மதந்தான். சேசுசாமி ஓட்டாத பேயா? நாங்க பாத்துக்கிடுதோம்."

அவள் நடிக்கவில்லை. பேய் இருக்கிறது என்று உண்மையிலேயே நம்பினாள். நம்பிக்கொண்டே ஏற்றுக்கொண்டாள். பேய் இல்லை என்று தெரிந்த என் அப்பாதான் அடுத்த பொய்யைத் தேடினார். பிறகு, "அவளுக்கு ஊர்ல மாப்பிள்ள பேசி முடிச்சாச்சு" என்றார்.

"நல்லது சார். அவுகளுக்கும் இந்தப் பேய் விசயம் தெரியும்லா?" என்று அந்த அம்மா வெள்ளையாகத்தான் கேட்டாள்.

அப்பாவின் காது மடல் சிவந்தது. "நீங்க வேற, நாங்க வேற. இதுக்கு மேல என்னச் சொல்ல வைக்காதீங்க" என்றார்.

அப்போதுதான் அத்தை உள்ளறையிலிருந்து வந்தாள். உச்சியில் அறுத்த இடத்தில் மயிர் குத்திட்டு நின்றது.

"இத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா அண்ணே? எனக்கு அடியாவது மிஞ்சிருக்கும்."

 அத்தை செருப்பை மாட்டினாள். மாற்றுச் சேலைகூட எடுக்கவில்லை. "அண்ணே, வாரேன்" என்றாள். பிறகு அம்மாவைப் பார்த்து, "வாரேன் மதினி."

யாராவது வாரேன் என்றால் நம் வாயில் என்ன வரும்? அம்மா யோசிக்கவேயில்லை. "சரி, போயிட்டு வா" என்றாள். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் மூன்று பேரும் படியிறங்கிவிட்டார்கள். பட்டப்பகலில், தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, கையை வீசி நடந்துபோனாள்.

அப்படியிருந்தும் பேய்க்கதை எப்படி நின்றது என்று கேட்பீர்கள். அப்பா அவளைத் தலைமுழுகி, ஈர வேட்டியோடு வாசலில் வந்து நின்று, "பேய் கொண்டுபோயிட்டு" என்று ஒரே வார்த்தை சொன்னார். எதிர்வீட்டு அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். "போனது அவளா? அவ உருவத்துல இருந்த அதுல்லா போச்சு!" என்றாள். தெருவும் சரி என்றது. அவர்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் சாரை யாரும் தலைகுனிய வைக்க விரும்பவில்லை. அப்பா அந்த வாரமே பள்ளிக்கூடம் போனார். போய் அறிவியல் நடத்தினார். அத்தை தைத்த கவுனை அம்மா பால்காரி மகளுக்குக் கொடுத்தாள், நானும் அழவில்லை.

மறு வருஷம் ஒரு மத்தியானம். வெயிலில் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டு அம்மா திறந்தாள், நான் பின்னால் போனேன். அத்தை நின்றிருந்தாள். நன்றாகத் தெரியும் வயிறு. தலைப்பிள்ளைக்காரி தாய்வீட்டுக்கு வரும் மாதம் அது, வளையல் போட்டுவிட அவளுக்கு எங்களைத் தவிர வேறு தாய்வீடு கிடையாது. வியர்த்துக் களைத்திருந்தாலும் முகம் சிரித்தது.

"போயிட்டு வான்னு சொன்னீகள்லா மதினி, வந்திருக்கேன்."

அம்மா கதவைப் பிடித்தபடி நின்றாள்.  அம்மாவின் இடுப்புக்குப் பின்னாலிருந்து நான் எட்டிப் பார்க்க, அத்தை என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா கேட்டார். "யாரது?"

அம்மா அத்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "யாருமில்ல."

அத்தைக்கு அது நன்றாகக் கேட்டது.  வாரேன் என்று சொல்லாமல் போனாள்.